முட்டுக்கொடுத்து நிற்கும் முழுமை

ரொறன்ரோ நகரின் நடுவே, கூல்ட் வீதிக்கும் ஜெராட் வீதிக்கும் இடையில், பல்கலைக்கழகக் கட்டடங்கள் நாற்புறமும் சூழ்ந்த முற்றமொன்றில் பழைய கட்டடம் ஒன்றின் முகப்புச் சுவர் மட்டும் தனியாக நிற்கிறது. பின்னால் கட்டடம் கிடையாது. அதை 1960களின் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். வாசலுக்குள் நுழைந்தால் வழி நிலத்தடிக்கு இறங்கும். கீழே உடற்பயிற்சிக்கூடம். தோளில் பையோடு இறங்கும் பிள்ளைகள் கண்ணாடிக்கு முன் நின்று எடை தூக்குகிறார்கள், வயிற்றை உள்ளே இழுத்துப் பார்க்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

கிரேக்க உடம்பு ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய இடமும் இதுதான். அந்தச் சுவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் முகப்பு. மேல் கனடாவின் கல்வித் தலைமை அதிகாரியாக இருந்த எகர்டன் ரையர்சன் 1855இல் ஐரோப்பாவுக்குப் போய், பெயர்பெற்ற ஓவியங்களின் நகல்களையும் பழஞ்சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளையும் வாங்கிக் கப்பலேற்றினார். 1857இல் அவற்றைப் பள்ளிக் கட்டடத்திலேயே பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார். நகரில் அப்போது அரை இலட்சம் பேர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போகிற ஊர். அந்த ஊருக்கு உடுப்பில்லாத தெய்வங்களையும் வீரர்களையும் கொண்டுவந்தவர் ஒரு மெதடிஸ்ட் போதகர். இது மேலோட்டமாகத்தான் முரண். அவரைப் பொறுத்தவரை அவை உடம்புகளே அல்ல, பாடங்கள். 1882இல் ஒன்ராறியோ ஓவியப் பள்ளியும் அதே கட்டடத்துக்குக் குடிவந்தது. வார்ப்புகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து கை பழகிய பிறகே உயிருள்ள மனிதரை வரைவது என்பது அக்கால ஓவியப் பள்ளிகளின் முறை. முதலில் முழுமை, பிறகு மனிதர்.

இந்த வரிசைதான் என் பிரச்சினை.

கிரேக்கர்கள் முழுமையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்கோஸ் நகரத்துச் சிற்பி பொலிக்ளீட்டஸ், ‘கானன்’ என்று ஒரு நூல் எழுதினார். நூல் தொலைந்துவிட்டது. அறுநூறு ஆண்டுகள் கழித்து மருத்துவர் காலன் அதைப் பற்றி எழுதிவைத்ததிலிருந்து சாரம் தெரிகிறது. விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், கைக்கும் முன்கைக்கும், முன்கைக்கும் மேற்கைக்கும் ஒரு விகிதம் இருக்க வேண்டும். அழகு தனி உறுப்பில் இல்லை, உறுப்புகளுக்கு இடையிலான கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குக்குச் சாட்சியாகப் பொலிக்ளீட்டஸ் செய்த சிலைதான் ஈட்டி ஏந்திய இளைஞன், ‘டோரிஃபோரஸ்’.

அவன் நிற்கும் நிலையைக் கொஞ்சம் கவனியுங்கள். உடம்பின் பாரம் முழுவதும் வலது காலில். இடது கால் தளர்ந்து, குதி தூக்கி, பின்தங்கியிருக்கிறது. அதனால் வலது இடுப்பு மேலேறுகிறது, அதற்கு ஈடுகட்ட வலது தோள் சற்றே இறங்குகிறது. பாரம் தாங்கும் காலின் பக்கத்துக் கை சும்மா தொங்குகிறது. தளர்ந்த காலின் பக்கத்துக் கைதான் ஈட்டியை ஏந்த மடங்கியிருக்கிறது. வேலையும் ஓய்வும் உடம்பின் குறுக்கே மாறி மாறி விழுகின்றன. அதற்கு முந்தைய கிரேக்கச் சிலைகள், கைகள் தொடையோடு ஒட்ட, ஒரு காலை முன்வைத்து இரு காலிலும் சமமாகப் பாரம் போட்டு விறைப்பாக நின்றவை. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் கல்லும் வெண்கலமும் மூச்சு விட்டுத் தளர்ந்து நிற்கப் பழகின. கிரேக்கச் சிற்பத்தின் உண்மையான சாதனை இதுவே என்பேன். வயிற்றுத் தசையின் கட்டுகளை யாரும் செதுக்கலாம். பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாற்றும் அந்தக் கணத்தைப் பிடிப்பதுதான் அரிது.

பொலிக்ளீட்டஸ் செய்தது வெண்கலத்தில். அந்த மூலமும் தொலைந்துவிட்டது. நாம் பார்ப்பது ரோமர்கள் சலவைக்கல்லில் எடுத்த நகல்கள். பொம்பேயில் கிடைத்து நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அவற்றுள் புகழ்பெற்றது. உள்ளே கூடான வெண்கலம் இரண்டு பாதங்களில் தன்னைத் தாங்கிக்கொள்ளும். சலவைக்கல்லுக்கு அந்த இழுவலு இல்லை; பாரம் முழுதும் ஒற்றைக் கணுக்காலில் இறங்கினால் அது முறிந்துவிடும். ஆகவே நகலெடுத்தவர்கள் வலது காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்தார்கள். தொங்கும் கையை இடுப்போடு பிணைக்க ஒரு சிறு கல்முட்டும் வைத்தார்கள். நாம் அவற்றைப் பார்ப்பதில்லை, கண் பழகி விலக்கிவிடுகிறது. மனித உடம்பின் இலக்கணம் என்று தலைமுறை தலைமுறையாக உலகம் பாடம் படித்த உருவம், முட்டுக்கொடுத்து நிற்கும் உருவம்.

வெண்மையும் அப்படியே நகலோடு வந்தது. கிரேக்கர்கள் சலவைக்கல் சிலைகளுக்கு வண்ணம் பூசினார்கள், வெண்கலச் சிலைகளுக்குக் கண் பதித்தார்கள். 1972இல் இத்தாலியின் ரியாச்சே கடற்கரையில் கிடைத்த இரண்டு வெண்கல வீரர்களின் உதடுகள் செம்பால் ஆனவை, ஒருவனுக்கு வெள்ளிப் பற்கள். சலவைக்கல் சிலைகளில் மிஞ்சிய நிறமித் தடயங்களை ஆராய்ந்து ஜெர்மனியின் வின்சென்ஸ் பிரிங்க்மன் குழுவினர் வண்ணம் தீட்டிய பிரதிகளை 2003இலிருந்து காட்சிக்கு வைத்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நம் ஊர்க் கோபுரம் மாதிரி இருக்கிறதே என்ற ஏமாற்றம் அவர்களுக்கு. நமக்கோ அதில் வியக்க ஒன்றுமில்லை. மழையும் மண்ணும் நிறத்தை அழித்த பிறகு எஞ்சிய கல்லைப் பார்த்து, வெண்மையே அழகின் உச்சம் என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முடிவுகட்டியது. அந்த ரசனைக்கு வழிகாட்டிய வின்கெல்மன் கிரேக்கத்தில் காலடி வைத்ததே இல்லை. ரோமில் இருந்தபடி, பெரும்பாலும் நகல்களைப் பார்த்து எழுதினார்.

ரசனையோடு நின்றிருந்தால் அது கலை வரலாற்றின் ஒரு பிழையாகப் போயிருக்கும். டச்சு உடற்கூற்று அறிஞர் பேத்ரஸ் காம்பர் முகத்தின் கோணத்தை அளந்து, கிரேக்கச் சிலையின் முகத்தை ஒரு முனையிலும் குரங்கின் முகத்தை மறுமுனையிலும் வைத்து, மனித இனங்களை நடுவே வரிசைப்படுத்தினார். 1854இல் அமெரிக்காவில் நாட், கிளிடன் இருவரும் வெளியிட்ட இனவியல் நூலில் அப்போலோ பெல்வடேர் சிலையின் தலை மேலே, ஆபிரிக்கரின் தலை அதற்குக் கீழே, சிம்பன்சியின் தலை அதற்கும் கீழே. நாகரிகத்தின் உச்சிக்கு உதாரணமாக உயிருள்ள ஒரு வெள்ளையரைக்கூட அவர்கள் வைக்கவில்லை, சிலையை வைத்தார்கள். பிறகு உயிருள்ள மனிதரை அதன் கீழே நிறுத்தி அளந்தார்கள். அடிமை முறைக்கு அறிவியல் வேடம் கட்டிய நூல் அது. அடுத்த ஆண்டுதான் ரையர்சன் சிலை வாங்கக் கப்பலேறினார்.

ரையர்சன் அந்த நூலைப் படித்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் இளம் வயதில் கிரெடிட் ஆற்றங்கரை மிசிசாகா மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியைக் கற்றவர். அந்த மக்களின் தலைவர் பீட்டர் ஜோன்ஸின் நண்பர். ஆனால் 1847இல் முதல்குடிப் பிள்ளைகளின் கல்வி பற்றி அரசு கேட்டபோது, அவர்களைத் தங்கவைத்து மதமும் பண்ணை வேலையும் பழக்கும் தனிப் பள்ளிகளை அவர் பரிந்துரைத்தார். பின்னர் வந்த விடுதிப் பள்ளிகளின் கொடுமைக்கு அந்த அறிக்கை ஒரு விதையாயிற்று. சிலை வாங்கிய கையும் அறிக்கை எழுதிய கையும் ஒன்றே, இரண்டிலும் ஓடியதும் ஒரே எண்ணம்: முழுமையான மனிதன் எப்படி இருப்பான் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது, மற்றவர்களை அந்த அச்சில் வார்த்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி. 1889இல் அவருக்கே வெண்கலச் சிலை வைத்தார்கள். காம்லூப்ஸ் விடுதிப் பள்ளி வளாகத்தில் அடையாளமில்லாப் புதைகுழிகள் இருக்கலாம் என்ற செய்தி வந்த சில நாட்களில், 2021 ஜூன் 6ஆம் தேதி, மக்கள் அதைக் கயிறு கட்டி வீழ்த்தினார்கள். தலை தனியே போயிற்று. மறு ஆண்டு, அந்த முகப்புச் சுவரைச் சூழ்ந்து நிற்கும் பல்கலைக்கழகமும் தான் தாங்கியிருந்த அவர் பெயரை விட்டு ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் ஆனது.

பிளாஸ்டர் உடம்புக்கும் மனித உடம்புக்கும் இந்த நகரம் வைத்த வித்தியாசத்துக்கு இன்னொரு சாட்சி உண்டு, சிரிப்பு மூட்டும் சாட்சி. 1933இல் மொன்றியல் ஓவியர் லிலியாஸ் டொரன்ஸ் நியூட்டன் தீட்டிய பெண் ஓவியம் ஒன்றை ரொறன்ரோ கலைக்கூடத்தில் தொங்கவிட மறுத்தார்கள். உடுப்பில்லாதது குற்றமில்லை. அந்தப் பெண் காலில் பச்சைச் சப்பாத்து போட்டிருந்தாள், அதுதான் குற்றம். சப்பாத்து இல்லாவிட்டால் அவள் தேவதை. சப்பாத்து போட்டவுடன் தெருவில் நடந்துபோகும் ஒருத்தி ஆகிவிடுகிறாள்.

யோர்க் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளுக்கு டெயிட் மக்கன்சி என்ற பெயர் தெரியும், அவர்களுடைய விளையாட்டுக் கட்டடத்தின் பெயர் அது. அந்த மனிதரைத்தான் பலருக்குத் தெரியாது. ஒன்ராறியோவின் அல்மொன்ட் ஊரில் 1867இல் பிறந்து, மக்கில்லில் மருத்துவம் படித்து, உடற்கல்வி ஆசிரியராகி, சிற்பியும் ஆனவர். 1903இல் அவர் செய்த ‘விளையாட்டு வீரன்’ சிலைக்கு ஹார்வர்ட் மாணவர்கள் நூற்றுக்கணக்கானோரின் உடல் அளவுகளை எடுத்துச் சராசரி போட்டார். பொலிக்ளீட்டஸின் விகிதத்தை நாடாவும் புள்ளிவிவரமும் கொண்டு மறுபடி கண்டுபிடிக்கும் முயற்சி அது. சராசரியில் எப்படி முழுமை வரும் என்று கேட்கத் தோன்றும். யாரைச் சேர்த்து எடுத்த சராசரி என்பதல்லவா முதல் கேள்வி? அளக்கப்பட்டவர்கள் எல்லோரும் வசதியான வீட்டு இளைஞர்கள், திடகாத்திரமானவர்கள். கிரேக்கத்திலும் கதை அதுதான்: குடியுரிமை பெற்ற ஆண்களின் உடம்பே அளவு, பெண்ணும் அடிமையும் அந்தக் கணக்கில் இல்லை.

ஆனால் மக்கன்சியை அங்கேயே விட்டுவிடுவது அநியாயம். முதலாம் உலகப் போர் வந்தது. அவர் பிரித்தானிய இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். கை கால் இழந்தவர்களும் நரம்பு அறுந்தவர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். எந்தச் சராசரிக்குள்ளும் அடங்காத அந்த உடம்புகளுக்கு ஏற்ற பயிற்சிகளையும் எளிய கருவிகளையும் வகுத்தார். 1918இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். சிலைக்காக அளந்த அதே கை, இப்போது ஒவ்வொரு விரலும் எத்தனை பாகை மடங்குகிறது என்று பார்த்தது. அங்கே அளவுகோல் மனிதனுக்குக் கீழே இறங்கி வேலை செய்தது. அவர் செய்த சிலைகளை விட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம் கணக்கு என்ன? சுவாமிமலையில் ஸ்தபதி தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துத் தாலமும் அங்குலமும் குறித்துக்கொள்வார். முகத்தின் நீளம் ஒரு தாலம், அது பன்னிரண்டு அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், உயரம் 124 பங்கு. அம்மனுக்கு மத்திம தசதாலம், 120. இந்த முறையில் வந்த சோழர் செப்புத் திருமேனிகளில் தசை தெரியாது, நரம்பு தெரியாது, எலும்பும் தெரியாது. உள்ளே மூச்சு நிறைந்து தோல் இறுகியதுபோல் ஒரு மழமழப்பு. உமையின் இடுப்பு ஒரு பக்கம் ஒசிந்து, பாரம் ஒரு காலில் இறங்கி நிற்பதில் பொலிக்ளீட்டஸ் தேடியது இங்கும் இருக்கிறது, வேறு வழியாக வந்திருக்கிறது. கிரேக்கர் ஓட்டப்பந்தய மைதானத்தைப் பார்த்துத் தெய்வத்தைச் செய்தார்கள். நம் சிற்பிகள் யானைத் துதிக்கையையும் மீனையும் பசுவின் முகத்தையும் பார்த்துத் தோளும் கண்ணும் மார்பும் செய்தார்கள். அதனாலோ என்னவோ, நடராசரைப் போல் உடம்பு வேண்டும் என்று எவரும் எடை தூக்கவில்லை. அந்த அளவு தெய்வத்துக்கு, மனிதருக்கு அல்ல.

இத்தோடு நிறுத்திக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தலாம்தான். ஆனால் ஆகமங்கள் இன்னொன்றும் சொல்கின்றன. விரலோ ஆபரணமோ சிதைந்தால் திருமேனியைச் செப்பனிடலாம்; கை, கால், தலை போன்ற அங்கம் உடைந்தால் அது பின்னமாகிவிட்டது, வழிபாட்டிலிருந்து விலக்க வேண்டும். கருவறைக்குள் நின்று பூசை செய்பவருக்கும் அங்கக் குறை கூடாது. பின்னமான சிலைக்கு மேற்கு அருங்காட்சியகம் கட்டியது. லூவரில் இரு கையும் இல்லாத வீனஸ் முன்னால் சனம் முட்டி மோதுகிறது. கையிழந்த பெண்ணொருத்தி பஸ்ஸில் பக்கத்தில் வந்து அமர்ந்தால் அதே சனம் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். நாமோ சிலையையும் விலக்கினோம், ஆளையும் விலக்கினோம். ‘குறை’ உள்ள பிள்ளையைக் கலியாண வீட்டுக்குக் கூட்டிவராமல் ஸ்காபரோ அடுக்குமாடியில் யாரிடமாவது விட்டுவிட்டு வருகிற குடும்பங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. கலியாணப் படம் எடுக்க அவர்கள் போவது கில்ட் பூங்காவின் ‘கிரேக்க அரங்கம்’. அதுவும் 1966இல் இடித்த ஒரு வங்கிக் கட்டடத்தின் தூண்களைப் பொறுக்கி நிறுத்தியதுதான். உடைந்த தூணுக்கு முன்னால் நின்று எடுத்தால் படம் அழகாக வரும் என்கிறார்கள்.

1976 ஆகஸ்டில் ரொறன்ரோ இந்தக் கணக்கைத் தானே தலைகீழாக்கியது. மொன்றியல் ஒலிம்பிக் முடிந்த கையோடு மாற்றுத்திறனாளிகளின் ஒலிம்பிக் இங்கே, எற்றோபிகோவில் நடந்தது. அதுவரை அந்தப் போட்டி சக்கர நாற்காலி வீரர்களுக்கு மட்டும் உரியது. ரொறன்ரோவில்தான் அங்கம் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் முதன்முறையாகக் களமிறங்கினார்கள். தென்னாபிரிக்க அணி வருவதைக் காரணம் காட்டி மத்திய அரசு பணத்தை நிறுத்திக்கொண்டது. அப்படியும் போட்டி நடந்தது.

சஸ்காச்சுவானைச் சேர்ந்த ஆர்னி போல்ட் என்ற பதினெட்டு வயதுப் பையன் உயரம் தாண்ட வந்தான். மூன்று வயதில் தானிய இயந்திரத்தில் சிக்கி ஒரு கால் போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டிக்கொள்ளவில்லை. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி ஓடிவந்து, அந்த ஒரே காலை ஊன்றி எழும்பி, 1.86 மீற்றர் தாண்டினான். நான்கு ஆண்டு கழித்து நெதர்லாந்தின் ஆர்னமில் அவன் தாண்டியது 1.96. பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதில்தான் உடம்பின் அழகு என்று பொலிக்ளீட்டஸ் கணக்கிட்டார். மாற்றுவதற்கு மறுகாலே இல்லாதவன் அந்தப் பாரத்தைத் தோளுக்கும் கைக்கும் மாற்றி மேலே கொண்டுபோனான். டோரிஃபோரஸின் காலடியில் இருக்கும் மரக்கட்டை இவனுக்குத் தேவைப்படவில்லை. இதையும் கானனில் சேர்க்கத்தான் வேண்டும்.

உயரம் தாண்டும் இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. 2016இல் ரியோவில் நடந்த மாற்றுத்திறனாளிகள் ஒலிம்பிக்கில் 1.89 மீற்றர் தாண்டித் தங்கம். டோக்கியோவில் வெள்ளி, உயரம் 1.86. ரொறன்ரோவில் போல்ட் தாண்டிய அதே உயரம்.

கால் இழந்தவர்களுக்குப் பாதம் செய்வதிலும் கணக்கு இப்படித் தலைகீழானது. 1968இல் ஜெய்ப்பூரில், எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து ஒரு செயற்கைப் பாதத்தை உருவாக்கியவர் ராம் சந்திர சர்மா. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கைவினைஞர். அப்போது கிடைத்த மேற்கத்தியப் பாதம் சப்பாத்துக்குள் நுழைப்பதற்காகச் செய்தது. வளையாது, குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது. சர்மா ரப்பரில் வார்த்த பாதம் எல்லாப் பக்கமும் வளைந்தது, வெறுங்காலாக நடக்க விட்டது, சம்மணம் போட விட்டது. அதற்குத் தோல் நிறமும் விரல்களும் வைத்தார். மனிதரை அச்சுக்குள் திணிக்காமல், அந்த மனிதர் எங்கே உட்காருவார், எந்த நிலத்தில் நடப்பார் என்று பார்த்து அச்சை வார்த்த கை அது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம், ஷெல்லிலும் கண்ணிவெடியிலும் கால் போனவர்களுக்கு அந்த வழியில் வந்த கால்களைப் பொருத்தி அனுப்பியது. அவர்களில் கடல் கடந்து இந்த நகரத்துக்கு வந்தவர்களும் உண்டு. பனியில் நடக்க அந்தப் பாதம் செய்யப்படவில்லை. அது வேறு விஷயம்.

ஒன்ராறியோ மாகாணம் 2005இல் ஒரு சட்டம் போட்டது. உடல் எப்படி இருந்தாலும் எவரும் எங்கும் போய்வரக்கூடிய மாகாணமாக 2025க்குள் ஆக்குவோம் என்று இருபது வருடத் தவணை வைத்தது. 2025 ஜனவரி 1ஆம் தேதியோடு தவணை முடிந்தது, வேலை முடியவில்லை. அரசை ஏசுவதற்கு நமக்கு நிறைய வாய் இருக்கிறது. நம் கைவசம் உள்ள கட்டடங்களைப் பற்றி யார் கேட்பது? அடுத்த திருப்பணிக்கு ரசீதுப் புத்தகத்தோடு வருகிற கோவில் சபையாரிடம் கோபுரத்தின் உயரத்தைக் கேட்பதற்கு முன், வாசல் படிக்குப் பக்கத்தில் சாய்தளத்துக்கு இடம் விட்டிருக்கிறதா என்று உபயகாரர்கள் கேட்கட்டும். அதற்கும் கணக்கு உண்டு: ஓர் அடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம். 124 பங்கு குறித்துத் தெய்வத்தை எழுப்பத் தெரிந்த ஸ்தபதிக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு பெரிய கணக்கல்ல.